பயத்துக்குச் சம்பளம் வாங்கியவர்

லொறி பின்னுக்கு வரும்போது ஒரு சத்தம் போடுமே, கீங்... கீங்... கீங்... என்று, பல்வலிக்காரன் முனகுவது மாதிரி. அவிசாவளைச் சந்தையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. கையிலிருந்த வெங்காயம் தராசில் விழுவதற்குள் என் கால்கள் தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுவிட்டன. "என்னா அண்ணே, வெலையச் சொன்னதும் ஓடுறீங்க?" என்றார் வெங்காயக்காரர். சிரித்துச் சமாளித்தேன். என் உடம்பில் மற்றதெல்லாம் என்னுடையது. கால்கள் மட்டும் இன்னொருவரிடம் வேலை பழகியவை.

அவர் பெரிய பயந்தாங்கொள்ளி. இதை ஏளனமாகச் சொல்லவில்லை. ஒருவர் தவில் வாசிப்பார், ஒருவர் தச்சு வேலை செய்வார், இவர் பயப்படுவார். அப்படி ஒரு தேர்ச்சி. தவளைக்குப் பயம். பலா காய்க்காத மாதங்களிலும் பலாமரத்தடியில் நடக்கமாட்டார். பஸ்ஸில் ஏறினால் சாரதியின் தோளைத் தட்டி, "பிரேக்கெல்லாம் இருக்குதானே மல்லி?" என்று சிங்களத்தில் தம்பி போட்டு விசாரித்த பிறகுதான் உட்காருவார். அதுவும் கதவோரம், பையை மடியில் அணைத்துக்கொண்டு, கூரை விளிம்பில் நிற்கும் புறாவைப்போல. தலைவலி மாத்திரையைப் பாதியாக உடைத்து, ஒரு பாதியை மனைவிக்குக் கொடுத்து, அவள் என்ன ஆகிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் மறுபாதியை விழுங்குவார் என்று தோட்டத்து லயத்து வீடுகளில் ஒரு கதை உலாவியது. அவரிடமே கேட்டேன்.

"சுத்தப் பொய்" என்றார். "பூனைக்குத்தான் குடுத்துப் பார்ப்பேன்."

"கல்யாணம் பண்ண மட்டும் பயமில்லையாண்ணே?"

"பயம்தான். வேணாம்னு சொல்ல அதவிடப் பயம். அதான் பண்ணிக்கிட்டேன்."

கரவனெல்லைக்கு மேலே, பால் வற்றிப்போன ரப்பர் மரங்கள் சும்மா நிற்கும் ஒரு மலை. அதன் ஒரு பக்கத்தை அறுத்து எடுத்திருந்தது எங்கள் கருங்கல் குவாரி. தூரத்தில் இருந்து பார்த்தால் யாரோ மலையை ஒரு கடி கடித்துவிட்டு, ருசி பிடிக்காமல் அப்படியே வைத்துப்போனது போலத் தெரியும். கடித்த இடத்தின் உச்சியில், விளிம்பில் இருந்து கொஞ்சம் தள்ளி, மேட்டு லயம். ஒட்டியொட்டி ஒற்றையறைக் காம்பராக்கள், தகரக் கூரை, கோழிகள், ஒரு கொய்யா மரம். கீழே குழிக்குள் கல் துளைக்கும் ஜெக் ஹமர்களும் மண் அள்ளும் ஒரு பெக்கோ இயந்திரமும் ஓயாமல் கத்திக்கொண்டிருக்கும். குழியின் வாசலில் டிப்பர் லொறிகளை நிறுக்கும் தராசு. அதில் நான். எனக்குப் பக்கத்துப் பலகைக் கொட்டிலில் அவர்.

அவர் அந்தக் கொட்டிலுக்கு வந்த விதமே விசித்திரம். மலைச்சரிவு அசைகிறதா என்று கண்காணிக்கும் கருவிகளைப் பூட்ட கொழும்பில் இருந்து ஓர் இளம் எஞ்சினியர் வந்தார். பெண். எங்களுக்கு 'மிஸ்'. சிங்களம் கலந்த தமிழில் சுருக்கமாகப் பேசுவார். கருவிகளின் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார ஓர் ஆள் வேண்டும் என்றார். தோட்டத்து ஆட்கள் வரிசையாகப் போனார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: மலையைக் கண்டால் பயமா? எல்லோரும் நெஞ்சை நிமிர்த்தினார்கள். "எனக்கென்னாங்க மிஸ் பயம், இந்த மலையிலதான் பொறந்தேன்" என்றார் ஒருவர். புலியைப் பார்த்திருப்பதாகச் சொன்னார் இன்னொருவர். இவருடைய முறை வந்தது.

"மலை இருக்கட்டுங்க மிஸ். இங்க உக்காந்திருக்கவே பயமா இருக்கு. மேல அந்த ஃபேன் ஆடுது."

மிஸ் அண்ணாந்து பார்த்தார். ஃபேன் ஆடிக்கொண்டுதான் இருந்தது. நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு, "நாளைக்கே வாங்க" என்றார்.

குவாரி மெனேஜருக்கு இது பொறுக்கவில்லை. அவரை நாங்கள் மாத்தயா என்போம். வெள்ளைச் சட்டை, வாயில் எப்போதும் வெற்றிலை, மலையைத் தன் சொந்த மாடு மாதிரி பார்க்கும் பார்வை. "இந்த ஆள் பல்லியக் கண்டாலும் ஓடுவானே மிஸ்" என்றார்.

"மெஷினுக்குப் பயப்படத் தெரியாது மாத்தயா" என்றார் மிஸ். "யாராவது ஒருத்தர் பயப்படணும்."

அன்று மத்தியானம் அவர் என் தராசடிக்கு வந்து நின்றார். முகத்தில் பெருமையும் பீதியும் கலந்திருந்தன. "தம்பி, பயத்துக்குச் சம்பளம் குடுக்குற ஒரே கம்பெனி இதுதான்" என்றார். "இதுவரைக்கும் ஓசியில பயந்துகிட்டு இருந்தேன்."

கருவிகள் வந்திறங்கின. குழியின் எதிர்ச்சுவரில் அங்கங்கே சின்னச்சின்னக் கண்ணாடிகளைப் பதித்தார்கள். கொட்டிலின் கூரைக்கு மேல் நின்ற ஒரு யந்திரம் தலையைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு கண்ணாடியாகப் பார்த்து, நேற்று நின்ற இடத்தில்தான் இன்றும் நிற்கிறதா என்று அளக்கும். "மாமியா மருமகளப் பாக்குற மாதிரியே பாக்குது" என்பார் அவர். மழையை அளக்க ஒரு குவளை. சாய்வைப் பார்க்கச் சில பெட்டிகள். எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒரு கம்பி. மேட்டு லயத்துக்குப் பின்னால், குழி விளிம்புப் பக்கம், நிலம் மெல்லிசாக வெடித்து, ஒரு விரிசல் ஓடியது. அந்த விரிசலுக்குக் குறுக்காக அந்தக் கம்பியை இழுத்துக் கட்டினார்கள். ஒரு முனை இந்தப் பக்கத்து இரும்புக் கட்டையில் இறுகியிருந்தது. மறுமுனை அந்தப் பக்கத்தில் ஒரு கப்பியின் மேலாகப் போய் எடைக்கட்டி ஒன்றைத் தாங்கித் தொங்கியது. விரிசல் அகன்றால் கம்பி இழுபடும், கட்டி மேலே ஏறும். அது ஏறினால் கொட்டிலுக்குள் ஒரு பெட்டி கீங் கீங் என்று முனகும். அவர் உடனே சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். சைரன் ஊளையிடும். குழிக்குள் இருப்பவர்கள் எல்லாரும் வெளியே ஓடிவர வேண்டும்.

திரையில் ஓடும் கோடுகள் அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. புரிந்ததாக நடிக்கவும் இல்லை. "கோடு நேரா போனா பயமா இருக்கு. வளைஞ்சா அதவிடப் பயமா இருக்கு" என்று மிஸ்ஸிடமே சொன்னார். மிஸ் சிரிக்கவில்லை. "நல்லது. வளைஞ்சா எனக்குப் போன் எடுங்க" என்றார். நேரான கோட்டுக்கும் சேர்த்தே அவர் போன் எடுத்தார்.

சின்ன வயதில் மண்சரிவில் மாட்டியிருப்பார், குடும்பத்தில் யாரையோ மலை விழுங்கியிருக்கும், அதுதான் இந்தப் பயம் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். ஒரு மழைநாள், பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தபோது நானும் துருவினேன்.

"எனக்கா?" என்றார் அவர். "எனக்கு ஒன்னுமே நடக்கல தம்பி. காய்ச்சல்கூட ஒழுங்கா வந்ததில்ல."

"அப்பறம் ஏன் பயம்?"

"அதான் சொல்றேனே. இன்னும் நடக்கல."

ஆயுத பூஜைக்கு ஜெக் ஹமருக்கும் பெக்கோவுக்கும் பொட்டு வைத்தோம். யாரும் சொல்லாமலே அவர் ஒரு கிண்ணம் சந்தனத்தை எடுத்துக்கொண்டார். சுவரில் இறங்கப் பயம் என்பதால் கம்பத்தின் நுனியில் துணியைச் சுற்றி, மேலே பாதையில் நின்றபடி, எட்டிய கண்ணாடிகளுக்கெல்லாம் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டார். கூரை மேலே இருந்த யந்திரம் குருடாகிப்போனது. மருமகள்களைக் காணாமல் தலையைச் சுழற்றிச் சுழற்றித் தேடியது. கொழும்பில் இருந்து மிஸ் போனில் கத்தினார். "ஏன் பூசினீங்க?"

"பூசாம விட்டா கோவிச்சுக்குமோன்னு பயமா இருந்துச்சுங்க மிஸ்."

"யாரு கோவிச்சுக்கிறது?"

"அதத்தாங்க மிஸ் கேக்கப் பயந்தேன்."

இதெல்லாம் சில்லறைக் கூத்துகள். பெரிய கூத்து அந்தக் கம்பியால் வந்தது.

மேட்டு லயத்தில் ராணி அக்கா என்று ஒருத்தி. பக்கத்துத் தோட்டத்துக்கு ரப்பர் பால் வெட்டப் போய்வந்து, பத்து காம்பராவுக்கும் கேட்கிற குரலில் பேசுகிறவள். ஒரு வெயில் நாளில் கொட்டிலுக்குள் பெட்டி முனகியது. பாதிக் கோப்பை பிளேன்டீயோடு அவர் பொத்தானில் விழுந்தார். சைரன் ஊளையிட்டது. குழிக்குள் இருந்தவர்கள் போட்டது போட்டபடி ஓடிவந்தார்கள். அவர் எல்லோருக்கும் முன்னால், பிரதான வீதியில் நின்றார். மலை அசையவில்லை. அசைந்தது ராணி அக்காவின் பெட்சீட். நன்றாக இழுத்துக் கட்டிய கம்பியில், சொட்டச் சொட்ட, இரண்டு பெட்சீட்டும் புருஷனின் கைலிச் சாரமும், பிள்ளைகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சீருடையும் காய்ந்துகொண்டிருந்தன. பாரத்தில் கம்பி தாழ்ந்து, எடைக்கட்டி மேலே ஏறியிருந்தது.

"நான் என்னத்தக் கண்டேன்?" என்றாள் ராணி அக்கா. "துருப்பிடிக்காத கம்பி, நல்ல வெயிலு. இம்புட்டு நல்ல கொடியக் கட்டிப்புட்டு ஒரு துணியும் போடாம வச்சிருக்காங்களே, கம்பெனிக்காரங்களுக்குக் குடும்பம் நடத்தத் தெரியலன்னு நெனச்சேன்."

மிஸ்ஸுக்குச் செய்தி போனது. கம்பியைச் சுற்றி வேலி அடியுங்கள், லயத்துக்கு நல்ல கொடி ஒன்றும் கட்டிக்கொடுங்கள் என்றார். மாத்தயா தலையாட்டினார். வேலி வரவில்லை, கொடியும் வரவில்லை. ராணி அக்கா நிறுத்திக்கொண்டாள். ஆனால் லயத்தில் அவள் ஒருத்தியா இருந்தாள்? அடுத்த வெயிலுக்கு வேறொருத்தியின் போர்வை. அதற்கடுத்த வெயிலுக்குக் கர்ப்பிணிப் பெண் ஒருத்தியின் பாவாடைகள். ஒவ்வொரு முறையும் அவர் பொத்தானில் விழுந்தார். ஒவ்வொரு முறையும் குழி காலியானது. வேலை கெட்ட ஆத்திரத்தில் ஆட்கள் கொட்டிலைச் சுற்றி நிற்பார்கள்.

"இன்னைக்கு யாரு பெட்சீட்டுண்ணே?"

"பூப்போட்டதா, கோடுபோட்டதா?"

"அண்ணே, சைரன நிப்பாட்டிட்டுத் துணியக் காயவைக்கிற மெஷின் ஒன்னு வாங்கச் சொல்லுங்க."

ஜெக் ஹமர் பிடிக்கிற சுனில்தான் இதில் மூத்த கிண்டல்காரன். நல்ல உயரம், கையே இன்னொரு ஜெக் ஹமர். 'அய்யே' என்று சிங்களத்தில் அண்ணனைக் கூப்பிட்டுத் தொடங்கி எங்கள் தமிழில் முடிப்பான். "அய்யே, அடுத்த சைரனுக்கு சோப்புத்தூளும் கொண்டு வாரேன்" என்பான்.

கிண்டலை அவர் சட்டை செய்யவில்லை. "சிரிக்கட்டும் தம்பி. வெளிய நின்னுதானே சிரிக்கிறாங்க" என்பார்.

மாத்தயா சிரிக்கவில்லை. ஒரு காலை வந்து, சிவப்புப் பொத்தானுக்கு மேலே இரும்பில் ஒரு சின்னக் கூடு அடிக்கவைத்தார். கூட்டுக்குப் பூட்டு. சாவி மாத்தயாவின் சட்டைப் பையில். "இனிமே பெட்டி சத்தம் போட்டா மொதல்ல எனக்குப் போன். நான் சொன்னாத்தான் சைரன்."

அன்று முழுக்க அவர் அந்தக் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, நான் பயப்படுறதுக்கும் இனிமே அனுமதி வாங்கணும்" என்றார். அவர் குரலில் கோபம் மாதிரி ஒன்று கேட்டது அந்த ஒரு முறைதான்.

அதன்பிறகு மழை தொடங்கியது. எங்கள் சபரகமுவ மாகாணத்து மழைக்கு மூச்சு வாங்கத் தெரியாது. நாட்கணக்கில் பெய்தது. குழிக்குள் வேலை நின்றது. பிறகு ஒரு நாள் துடைத்துவைத்தது போல வெயில். எங்களுக்கு அந்த வெயில்தான் வினை. வெயில் என்றால் குழியில் வேலை. வெயில் என்றால் லயத்தில் துணி.

அன்று வெடி வைக்கிற நாளும்கூட. பின்னேரம் வெடி, காலையில் அதற்கான துளைகளைப் போடுவார்கள். வெடி நாட்களில் யாரும் போனைக் குழிக்குள் கொண்டுபோகக் கூடாது. வெடியின் கம்பிகளுக்கும் போனுக்கும் ஆகாது என்பது விதி. ஒரு பெரிய நீலப் பிளாஸ்டிக் பேசினில் எல்லோருடைய போன்களையும் அவர்தான் வாங்கி வைப்பார். என்னுடையதும் அதில்தான். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வெடித்துவிடுமோ என்று அவர் அந்தப் பேசினைக் கொட்டிலின் தூர மூலையில் வைத்து, பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் பெட்டி முனகியது. கீங்... கீங்... கீங்...

அவர் மாத்தயாவுக்குப் போன் எடுத்தார். மணி அடித்தது, ஆள் எடுக்கவில்லை. மாத்தயா இரத்தினபுரியில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். பெட்டி நிற்கவில்லை. அவர் கொட்டிலை விட்டு மேட்டு லயத்துக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் ராணி அக்காவின் குரல் மலையையே உலுக்கியது.

"சத்தியமா ஒன்னும் போடலண்ணே! ஒரு கோவணத்துணிகூட இல்ல! கட்டியப் பாருங்க, கப்பியத் தொட்டுக்கிட்டு நிக்குது!"

அந்தக் கட்டி எங்கே தொங்கவேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அத்தனை தடவை ஏச்சு வாங்கியிருக்கிறாளே. உடனே ஒரு தட்டைக் கரண்டியால் அடித்துக்கொண்டு காம்பரா காம்பராவாக ஆட்களை வெளியே விரட்டத் தொடங்கினாள். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் கோழிகளும் பிள்ளைகளும் லயத்துக்கு மேலேயுள்ள ரப்பர் மரங்களுக்குள் ஏறிப்போவது தெரிந்தது.

அவர் கீழே வந்தபோது முகம் சுண்ணாம்பாக இருந்தது. மிஸ்ஸுக்குப் போன் எடுத்தார். மிஸ் உடனே எடுத்தார். எனக்கே கேட்டது: "எனக்கும் இங்கே தெரியுது. எல்லாரையும் வெளியே எடுங்க. இப்பவே!"

"பூட்ட ஒடைங்கண்ணே!" என்றேன். ஒரு கல்லை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு போடு போட்டார். பூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. விரல் நகம் பிய்ந்தது. நானும் அடித்துப் பார்த்தேன். மாத்தயா வாங்கியதிலேயே நல்ல பொருள் அந்தப் பூட்டுதான் போலும்.

குழியின் வாசலுக்கு ஓடினோம். இருவரும் தொண்டை கிழியக் கத்தினோம். ஜெக் ஹமர்கள் ஒவ்வொன்றாக நின்றன. முகங்கள் நிமிர்ந்தன.

"வெளிய வாங்கடா! மிஸ் சொல்லிட்டாங்க! கம்பி இழுக்குது!"

வெயில் பளீரென்று அடித்தது. சுனில் வானத்தைப் பார்த்தான், பிறகு லயத்தைப் பார்த்தான். "நல்ல வெயில் அய்யே! மிஸ்ஸோட பெட்சீட்டும் அதிலேயே காயட்டும்!" குழி முழுக்கச் சிரிப்பு. ஜெக் ஹமர்கள் மறுபடியும் கத்தத் தொடங்கின.

சுவரின் உச்சியில் இருந்து உள்ளங்கை அளவு மண் உதிர்ந்தது. நான் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"அண்ணே, உள்ள எறங்கிப் போய்ச் சொல்லுங்க. உங்க மூஞ்சியப் பக்கத்துல பாத்தா நம்புவாங்க."

"நானா?" என்றார். "உள்ளயா? உனக்கென்னா பைத்தியமா?"

உள்ளே ஓர் அடிகூட வைக்கவில்லை. திரும்பிக் கொட்டிலுக்குள் ஓடினார். அந்த நீலப் பேசினை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார். பிரதான வீதியைப் பார்த்து ஓடத் தொடங்கினார்.

எனக்கு ஒரு நொடி ஒன்றும் விளங்கவில்லை. பிறகு என் போனும் அதற்குள் இருப்பது ஞாபகம் வந்தது. அடிவயிற்றில் இருந்து கத்தினேன்: "டேய், போனையெல்லாம் தூக்கிக்கிட்டு ஓடுறாருடா!"

மலை வருகிறது என்று கத்தியபோது திரும்பாத தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பின. சுனில் ஜெக் ஹமரைக் கீழே போட்டான். "ஹொரா! அப்பே போன் டிக!" கள்ளன், எங்கள் போன்கள்! பெக்கோக்காரர் ஆசனத்தில் இருந்து குதித்தார். துளை போட்டவர்கள், கல் பொறுக்கியவர்கள், நிழலில் படுத்திருந்தவர், ஒரு கால் ஊனமான காவல்காரர், எல்லாரும். அவ்வளவு வேகமாக அந்தக் குழி என்றைக்கும் காலியானதில்லை. சைரனுக்கு நடந்து வந்தவர்கள்கூட அன்று பறந்தார்கள். பேசினுக்குள் போன்கள் ஒன்றையொன்று இடித்துக் குலுங்கின. ஒன்று மட்டும் பக்திப் பாட்டோடு ஒலித்துக்கொண்டே போனது. அவர் ஓடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க அந்த ஓட்டத்துக்குத்தானே பயிற்சி எடுத்திருந்தார். சாரம் முழங்காலுக்கு மேலே, ஒரு செருப்பு காற்றில், வாயில் ஏதோ ஒரு சாமியின் பெயர்.

வீதி வளைவில், ஹமீது நானாவின் டீக்கடைக்கு முன்னால் பிடித்துவிட்டார்கள். சுனிலின் முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது முதுகில். அவர் பேசினின் மேலே குப்புற விழுந்து அதைக் கட்டிக்கொண்டார்.

"அடிங்கடா! நல்லா அடிங்க! ஆனா இங்கயே நின்னு அடிங்க!"

மூன்றாவது அடிக்கு ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. காலுக்குக் கீழே நிலம் ஒரு முறை ஏப்பம் விட்டது. பிறகு, எப்படிச் சொல்வது, ஒரு பெரிய மூட்டையை யாரோ அவிழ்த்துக் கொட்டுகிற சத்தம். முடிகிற மாதிரி வந்து முடியாமல் நீண்டது. வளைவுக்கு மேலே மஞ்சளாகப் புழுதி எழுந்து வெயிலை மறைத்தது. ஹமீது நானா வடையைக் கையில் வைத்துக்கொண்டே, "யா அல்லாஹ்" என்றார்.

குழியின் மேற்சுவர் முழுவதும் இறங்கியிருந்தது. ஜெக் ஹமர்களைக் காணோம். பெக்கோவின் மஞ்சள் கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மேட்டு லயம் தப்பியது. லயத்துக் கக்கூஸ்களும் அந்தக் கம்பியும் போய்விட்டன. சுனில் வீதியிலேயே உட்கார்ந்து அழுதான். பிறகு எழுந்து அவரைத் தூக்கி நிறுத்தி, தான் அடித்த இடத்தையே தடவிக்கொடுத்தான். அவர் அவனைத் தள்ளிவிட்டு இன்னும் கொஞ்ச தூரம் ஓடினார். "இங்க வரைக்கும் வராதுன்னு யாரு சொன்னா?" என்று திரும்பிக் கத்தினார்.

மறுநாள் மிஸ் வந்தார். மாத்தயாவோடு அவர் பேசியதை நான் எழுத முடியாது. சில சிங்களச் சொற்கள் எனக்கே புதிது. பிறகு கொட்டிலுக்கு வந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "எப்படி யோசிச்சீங்க? போன தூக்கினா துரத்துவாங்கன்னு?"

அவர் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார். "மறைக்க மாட்டேங்க மிஸ். ஓடணும்னுதான் தோணுச்சு. தனியா ஓடப் பயமா இருந்துச்சு."

பாராட்டுக் கூட்டம் ஒன்று வைத்தார்கள். மேடையின் கால் ஒன்று ஆடியதால் அவர் ஏறவில்லை. மாலையோடு மாத்தயா இறங்கி வந்தபோது இவர் பின்னால் பின்னால் போய்க் கூட்டத்துக்குள் மறைந்துவிட்டார். "தைரியசாலிங்கள எல்லாம் செவுத்துல மாட்டுன படத்துலதான் தம்பி பாத்திருக்கேன். மாலையோட" என்றார் என்னிடம்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் குவாரி மலையின் மறுபக்கத்தில் புதிதாகத் திறந்தது. கருவிகள் கூடின, கம்பிக்கு வேலி வந்தது, லயத்துக்குக் கொடி வந்தது, பொத்தானின் கூட்டைக் கழற்றி எறிந்தார்கள். எல்லாம் சரியாக நடந்தது. ஒன்றுதான் கெட்டது. குழிக்குள் இருந்தவர்கள் அதன்பிறகு சைரனைக் கவனிக்கவில்லை, சுவரைக் கவனிக்கவில்லை. அவரையே கவனித்தார்கள்.

அவர் தும்மினால் ஜெக் ஹமர் நின்றது. நாற்காலியை விட்டு எழுந்தால் முதல் வரிசை கிளம்பியது. ஒரு நாள் ஒன்றுக்குப் போக அவசரமாகக் கொட்டிலுக்குப் பின்னால் ஓடினார். திரும்பிப் பார்க்கிறார், சாரத்தைத் தூக்கியபடி நிற்கும் அவருக்குப் பின்னால் குழி முழுக்க வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறது. "போங்கடா, தண்ணிதான்!" என்றார். யாரும் போகவில்லை. முடித்து, கை கழுவி, அவர் மறுபடியும் உட்கார்ந்த பிறகுதான் இறங்கினார்கள். மாத்தயா தலையிலடித்துக்கொண்டு, "வேலை முடியும்வரைக்கும் எழும்பாதே" என்று உத்தரவு போட்டார். அவர் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினார்.

சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். ஒரு தூறல் நாளில் அந்தச் சிரிப்பு போனது. பெட்டி ஒரே ஒரு முறை முனகி நின்றது. மிஸ் போனில் பார்த்து, இது சின்ன அசைவு, சைரன் வேண்டாம், ஆனால் சுவரடியில் யாரும் நிற்க வேண்டாம் என்றார். அவர் அதைக் கத்திச் சொன்னார். குழிக்குள் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் உட்கார்ந்துதானே இருக்கிறார்? சுனில் கையை ஆட்டிவிட்டு, தூறலுக்கு ஒதுங்க, நேராகச் சுவரடிக்குப் போய், ஹெல்மட்டைக் கழற்றித் தலைக்கு வைத்து, காலை நீட்டிப் படுத்தான்.

அவர் எழுந்தார். அவ்வளவுதான், சுனில் உட்பட எல்லாரும் ஓடிவந்தார்கள். ஆனால் அவர் நாற்காலிக்குத் திரும்பவில்லை, என் தராசடிக்கு வந்தார்.

"பாத்தியா தம்பி" என்றார். "நான் உக்காந்திருக்கேன்னு தைரியமா தூங்குறான். நான் ஒரு நாளு கண் அசந்துட்டா? வயித்துவலியில எந்திரிக்க முடியாமப் போனா? மலைக்குக்கூட ஒரு வழி பண்ணலாம். இவங்க தைரியத்துக்கு நான் எங்க ஓடுறது?"

அடுத்த வாரமே வேலையை விட்டார். மிஸ் கெஞ்சினார். மாத்தயாகூடக் கெஞ்சினார். "உங்க மெஷினு நல்ல மெஷினுங்க மிஸ்" என்றார் அவர். "நான் உக்காந்திருக்குற வரைக்கும் அது சொல்றத எவனும் கேக்கமாட்டான்." ரம்புக்கனையில் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். அது ரயில் போகிற ஊர், ரயிலுக்குப் பயமில்லையா என்றேன். ஸ்டேஷனில் இருந்து வீடு தூரமாம், விசாரித்துவிட்டாராம்.

கரவனெல்லைச் சந்தியில் பஸ் வந்தது. வழக்கம்போலச் சாரதியிடம் பிரேக்கைப் பற்றி விசாரித்தார். கதவோரத்தில் உட்கார்ந்தார். மனைவி பின்னால் தள்ளி உட்கார்ந்து, இவரைத் தெரியாதவள் மாதிரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அங்க எல்லாரும் கேப்பாங்கண்ணே. எங்க போனாரு, ஏன் போனாருன்னு. நான் என்னா சொல்றது?"

பஸ் நகரத் தொடங்கியது. அவர் தலையை வெளியே நீட்டினார். நீட்டியதற்கே பயந்து பாதியை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"பயந்து போயிட்டாருன்னு சொல்லு. எதுக்குப் பயந்தாருன்னு மட்டும் சொல்லிறாத. அவங்களே சுத்திமுத்திப் பாத்துக்கிட்டு இருக்கட்டும்."